தலையணை கூடாத கழுத்து

கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைக்கக் கூடாது.

விருதுநகர் மாவட்டத்து வீடுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பட்டாசு ஆலைத் தீயில் கழுத்தும் மார்பும் வெந்து, மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு முதலில் கிடைக்கும் சீர் தலையணைதான். பார்க்க வந்த மதினி ஒன்று வைப்பார். தாழ்வாக இருக்கிறதென்று அத்தை இன்னொன்றைச் செருகுவார். தலை உயர்ந்ததும் தாடை மார்பை நோக்கி இறங்கும்; தோலின் இழுவை தளரும்; வலி குறையும். "இப்பத்தான் பிள்ளை கண்ணசருது" என்று வீடே பெருமூச்சு விடும். அந்த உறக்கத்துக்குள் புதுத்தோல் சுருங்கிக்கொண்டிருக்கும். மூன்று மாதம் கழித்துத் தலையணையை உருவினாலும் தாடை மேலே எழாது. வானத்தைப் பார்க்க இடுப்பிலிருந்து பின்னால் சாய வேண்டியிருக்கும். கீழுதடு இழுபட்டு எச்சில் வழியும்.

தீயிலிருந்தும் கிருமியிலிருந்தும் மருத்துவமனை மீட்டுக் கொடுத்த கழுத்தைப் பாசம் மடக்கிவிடும் கதை இது. இதே கதை கைக்கும் உண்டு, அக்குளுக்கும் உண்டு, முழங்காலுக்கும் உண்டு.

சிவகாசி வெடிவிபத்துச் செய்திக்கு நாளிதழ்களில் ஒரு வாய்ப்பாடே உருவாகிவிட்டது. 'மருந்து செலுத்தும்போது உராய்வு ஏற்பட்டு' என்று தொடங்கும். தரைமட்டமான அறைகள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை, நிவாரணம் எவ்வளவு, போர்மேன் கைது என்று முடியும். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள்கூட இல்லை. முதல் தீயைக் கண்டு ஓடிவந்த அக்கம்பக்கத்து ஆட்கள். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு செய்தியிலும் கடைசிக்கு முந்தைய வரியாக ஒன்று இருக்கும்: 'மேலும் சிலர் தீக்காயங்களுடன் அனுமதிக்கப்பட்டனர்.' அந்தச் 'சிலர்' பிறகு என்ன ஆனார்கள் என்று எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. பிழைத்தவர்கள் செய்தியாக மாட்டார்கள்.

அவர்கள் உடம்பில் தீ எங்கே படுகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பேன்சி ரகங்களுக்கான மணி மருந்திலும் ஒலி வெடிகளிலும் அலுமினியத் தூள் சேர்கிறது. அது பற்றினால் 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் எழும். ஆனால் ஒரு நொடிகூட நீடிக்காது. அந்த மின்னல் வெப்பம் துணி மூடாத தோலைத்தான் முதலில் தாக்கும். முகம், கழுத்து, முன்கை, புறங்கை. குனிந்து உட்கார்ந்து மருந்து செலுத்துகிறவருக்குக் கையும் முகமும்தான் தீக்கு மிக அருகில் இருக்கின்றன. உடுத்தியது பருத்தியாக இருந்தால் தீய்ந்து உதிரும். பாலியஸ்டராக இருந்தால் உருகித் தோலோடு ஒட்டும். ஆலைக்குள் பருத்தி உடுத்தச் சொல்வதற்கு, நிலைமின்பொறி கிளம்பாமல் தடுப்பதோடு இதுவும் ஒரு காரணம்.

முகம், கழுத்து, கை. மூன்றும் ஓயாமல் அசைய வேண்டிய இடங்கள். அதிலும் கை என்பது இந்த ஊரில் வெறும் உறுப்பு இல்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த நாளிலிருந்து, சிவகாசி வட்டாரம் விரலால் சோறு தின்கிற ஊர். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குவது, குழாய் உருட்டுவது, திரி வைப்பது, சரம் பின்னுவது, அச்சகத்தில் தாள் எண்ணுவது என்று எல்லாமே பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து செய்கிற வேலை. கூலியும் பெரும்பாலும் எண்ணிக்கைக்குத்தான். பெருவிரல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டால் இங்கே கை போகவில்லை, பிழைப்புப் போகிறது.

தோல் ஏன் சுருங்குகிறது? இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

தோலுக்கு இரண்டு அடுக்கு. மேல்தோல், நாம் எழுதும் தாளின் கனம்தான். அதன் அடியில் உள்தோல். நரம்பு, ரத்தக்குழாய், வேர்வைச் சுரப்பி, மயிர்க்கால் எல்லாம் குடியிருப்பது அங்கே. மேல்தோல் மட்டும் வெந்தால் சிவக்கும், எரியும், ஒரு வாரத்தில் உரிந்து மறையும். உள்தோலின் மேற்பகுதி வரை போனால் கொப்புளம் போடும், கடுமையாக வலிக்கும். ஆனாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். காரணம் மயிர்க்கால்கள். அவற்றின் சுவரில் இருக்கும் செல்கள் பெருகி மேலேறி, வெந்த வயலில் மிஞ்சிய தூர்கள் துளிர்ப்பதுபோல மேல்தோலைப் புதிதாகப் போட்டுவிடும். ஆழம் கூடிக்கூடி மயிர்க்கால்களும் வெந்துபோனால் துளிர்க்க விதையில்லை. அங்கே தோல் வெளுத்தோ, பதப்படுத்திய தோல்போல் பழுப்பேறியோ கிடக்கும். நரம்பும் வெந்ததால் வலிகூட இருக்காது. "வலியே இல்லைங்க" என்று நோயாளி சொன்னால் மருத்துவர் முகம் வாடும். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து அங்கே ஒட்டியாக வேண்டும்.

மூன்று வாரம் என்பது ஓர் எல்லைக்கோடு. அதற்குள் ஆறிய புண் பெரும்பாலும் மென்மையான தோலை விட்டுச் செல்லும். அதைத் தாண்டி இழுத்துக்கொண்டே போகிற புண்ணில் தடித்துச் சிவந்து கயிறு முறுக்கியதுபோல் தழும்பு எழும். 1971-இல் ஜெனீவாவில் ஜூலியோ கபியானியும் உடன் பணியாற்றியவர்களும் ஆறிவரும் புண்ணின் சதையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். புண்ணை நிரப்ப வரும் இணைப்புத்திசு செல்கள் தசைச் செல்லைப் போலவே சுருங்கும் இழைகளை உள்ளே வளர்த்துக்கொள்கின்றன. அவை வேலையைத் தவறாகச் செய்வதில்லை. புண்ணின் வாயை இழுத்து மூடுவதுதான் அவற்றின் பணி. ஒரு கீறலுக்கு அது வரம். கழுத்து முழுக்க வெந்தால் அதே இழுவை தாடையை மார்போடு கொண்டுபோய்ச் சேர்க்கும். தோல் மேலே மூடிய பிறகும் இந்த செல்கள் ஓய்வதில்லை. தழும்பு சிவப்பு வடிந்து, வெளுத்து, மெத்தென்று ஆவதற்கு ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு, சிலருக்கு இரண்டு ஆண்டுகூடப் பிடிக்கும். அந்தக் காலம் முழுவதும் தழும்பு ஈர மண்; எப்படி வைக்கிறோமோ அப்படி இறுகும்.

ஆக, வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் சிகிச்சையில் கால்வாசிகூட முடிந்திருக்காது. மிச்சம் முக்கால்வாசிக்கு மருத்துவர்கள் அந்த வீட்டுக்காரர்களே. அவர்கள் கையில் இருப்பதோ ஆங்கிலத்தில் கிறுக்கிய ஒரு சீட்டு.

மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிக்கு உடனே மறந்துவிடுகிறது என்று ஆய்வாளர் ராய் கெசல்ஸ் 2003-இல் எழுதினார். நினைவில் தங்குவதிலும் கிட்டத்தட்டப் பாதி தப்பாகத் தங்குகிறதாம். இதற்கு மருந்து எளிது: சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. "நாளைக்கு வீட்டுக்குப் போனதும் இந்தக் கையை எப்படி வச்சுப் படுக்கப்போறீங்க தாயி, காட்டுங்க பாப்போம்" என்று செவிலியர் ஒரு நிமிடம் கேட்டால் போதும். நெரிசலான வார்டில் அந்த ஒரு நிமிடம்தான் கிடைப்பதில்லை. கேட்கப்படாவிட்டால் நீங்களே வலியக் காட்டுங்கள். "இப்படித்தானே அம்மா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

உலகெங்கும் தீக்காய வார்டுகளில் ஒரு விதி சொல்வார்கள். எந்த நிலை சுகமாக இருக்கிறதோ, அந்த நிலையில்தான் மூட்டு முடங்கும். வெந்த உடம்பு தானாகவே சுருண்டுகொள்ளும்: கழுத்து குனியும், கை மார்போடு ஒட்டும், முழங்கை மடங்கும், முழங்கால் வயிற்றைத் தேடும். ஆகவே வெந்த பக்கத்தை நீட்டி வைக்க வேண்டும். கழுத்தின் முன்பக்கம் வெந்திருந்தால் தலையணையை எடுத்துவிட்டு, துண்டைச் சுருட்டித் தோள்களுக்கு அடியில் வைத்தால் தலை சற்றே பின்னால் சாயும். காது வெந்தவருக்கும் தலையணை ஆகாது. காதின் குருத்தெலும்பு அழுத்தம் தாங்காமல் கெட்டுவிடும். அக்குள் வெந்திருந்தால் கையை உடம்பிலிருந்து பக்கவாட்டில் விரித்து, தோள் உயரத்தில் ஒரு ஸ்டூல் மேல் தாங்க வைக்கலாம். முழங்காலுக்குப் பின்புறம் வெந்தவருக்கு அடியில் தலையணை கொடுப்பது கழுத்துக்குக் கொடுப்பதைப் போன்ற அதே தவறு. பாதம் தொங்கிவிடாமல், சுவரில் உள்ளங்கால் பதிய நேராக நிற்க வேண்டும். குழிந்த கயிற்றுக் கட்டில் இவர்களுக்கு எதிரி. தரையில் பாய் விரித்துப் படுப்பது நல்லது.

கைக்கு ஒரு தனி நிலை உண்டு. புறங்கை வெந்தால் தோல் இழுத்து விரல்கள் கோழிக்கால்போல் நகம் விரித்துக்கொள்ளும்: விரலடி முட்டி பின்னால் வளையும், நடுமுட்டி மடங்கும், பெருவிரல் உள்ளே ஒட்டும். இதைத் தடுக்கும் நிலை நம் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்ததுதான். விளக்கு வெளிச்சத்தில் சுவரில் பாம்புப் படம் காட்டுவார்களே, அதுதான். மணிக்கட்டு சற்றே நிமிர்ந்து, விரலடி முட்டிகள் மடங்கி, விரல்கள் மட்டும் நேராக. பெருவிரலை மட்டும் விலக்கி வைக்க வேண்டும். மருத்துவமனையில் இந்த வடிவத்தில் ஸ்பிளிண்ட் என்கிற தாங்குகட்டை ஒன்று செய்து கட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே அது பரண் ஏறுவதை நிறையப் பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரவில் கட்டாயம் கட்ட வேண்டும். உறங்கும்போதுதான் கை சொன்னபடி கேட்காது.

பகலில் அசைக்க வேண்டும். "அசைக்காத தாயி, புண்ணு ஆறட்டும்" என்பது நம் வீடுகளின் மூத்த அறிவுரை. எலும்பு முறிவுக்கு அது பொருந்தும். ஒட்டிய தோல் பிடிக்கும் முதல் ஐந்தாறு நாளுக்கும் பொருந்தும். அப்போது அசைத்தால் ஒட்டுத் தோல் நழுவிவிடும். அதன் பிறகு, அசைக்கலாம் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, சும்மா கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம். மணிக்கொரு தரம் ஐந்து நிமிடம் என்பது, காலையில் ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் செய்வதைவிட நல்லது. வலிக்கும். தழும்பு வெளுக்கும் வரை நீட்டி, இழுவை தெரிகிற இடத்தில் மெல்ல எண்ணி நிறுத்த வேண்டும். கிழிகிற மாதிரி யாரும் பிடித்து இழுக்கக் கூடாது. குளித்து எண்ணெய் தடவிய பிறகு செய்தால் தோல் இணங்கிவரும். வலி மாத்திரை கொடுத்திருந்தால் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். மாத்திரையைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போவதுதான் வழக்கம்.

கருவி எதுவும் வாங்க வேண்டாம். தலை சீவுவது அக்குளுக்கும் முழங்கைக்கும் பயிற்சி. கொடிக்கயிற்றில் துணி போடுவது தோளுக்கு. சப்பாத்தி மாவு பிசைவது விரலுக்கு. உப்பை எடுத்துப் போடுவது, பூத்தொடுப்பது, பொத்தான் மாட்டுவது பெருவிரலுக்கு. வாயைச் சுற்றி வெந்தவருக்கு வாய் சிறுத்துப்போகும். சத்தமாக 'ஆ, ஈ, ஊ' சொல்ல வேண்டும், கொட்டாவியைப் பாதியில் மூடக் கூடாது. பாசமுள்ள வீட்டில் தலை சீவிவிடுவார்கள், ஊட்டிவிடுவார்கள், பொத்தான் மாட்டிவிடுவார்கள். ஊட்டிவிடுகிற அம்மாவிடம் தட்டைக் கீழே வைக்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

அடுத்தது பத்தியம்.

முட்டை தின்றால் சீழ் பிடிக்கும், மீன் அரிப்பு, பால் சளி, பருப்பு வாயு, தயிர் குளிர்ச்சி. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது ரசம் சோறு, இட்லி, ரொட்டி. சித்த மருத்துவத்தில் பத்தியம் என்பது குறிப்பிட்ட மருந்தை உண்ணும் நாளைக்குச் சொன்னது. அதைப் புண் ஆறும் மாதங்கள் முழுவதற்கும் நீட்டியது நாம்.

உடம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்துவிட்டால் உடம்பு உலை வைத்ததுபோல் எரியத் தொடங்கும். இதயம் வேகமாக அடிக்கும், உடல் வெப்பம் ஏறும், படுத்துக் கிடந்தாலும் எரிசக்தித் தேவை ஒன்றரை மடங்குக்குக் கூடும். பெரிய காயத்தில் இரண்டு மடங்கை நெருங்கும். புண் மூடிய பிறகும் இந்தக் கொதிப்பு ஓராண்டு, ஈராண்டு வரை முழுவதும் அடங்காது. வெளியிலிருந்து புரதம் வராவிட்டால் உடம்பு தன் தசையைக் கரைத்துப் புண்ணுக்குக் கொடுக்கும். 'காயம் பட்டதிலிருந்து ஆளே உருகிப்போயிட்டா' என்று உறவுகள் சொல்வது உவமை இல்லை, உள்ளபடியே நடப்பது.

பெரிய தீக்காயத்துக்குப் பிறகு உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் புரதம் தினமும் வேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 75 முதல் 100 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு டம்ளர் பாலில் ஆறு ஏழு. ஒரு தட்டு நிறையச் சோற்றில் எட்டுகூடத் தேறாது. ரசம் சோற்றால் இந்தக் கணக்கை எட்ட நினைத்தால் வயிறு வெடித்துவிடும். விருதுநகர் சந்தைக்குப் பருப்பும் பயறும் கடலையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. அந்தச் சந்தை நிலவரம் நாளிதழிலும் வருகிறது. 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம் புரதம், அதே அளவு பாசிப்பயற்றில் 24. சாளை மீனில் 20 வரை. இரண்டு முட்டை, இரண்டு வேளை பால், ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கை கடலை, மதியம் மீனோ கோழியோ, இரவு கெட்டிப் பருப்பு. கறி தின்னாத வீடென்றால் பயறும் பாலும் தயிரும் அளவில் கூட வேண்டும். கூடவே கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை ஏதாவது ஒன்று. வைட்டமின் சி இல்லாமல் கொலாஜன் இழை முறுக்கேறாது. சிறுநீரக நோய் இருப்பவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை அளவு எகிறிக் கிடந்தால் எந்தப் புண்ணும் ஆறாது. அவருக்குப் பத்தியம் சோற்றின் அளவில்தான், முட்டையில் இல்லை. யாருக்காவது பத்தியம் போட்டே தீர வேண்டுமென்றால் நம்மூர் எண்ணெய்ப் பரோட்டாவுக்குப் போடலாம். ஆனால் கூட வரும் சால்னாவில் கறி இருக்கிறதே என்று அதற்கும் மனசு வரவில்லை.

பழைய பழக்கங்கள் எல்லாம் தப்பும் இல்லை. வெந்தவரை வாழையிலையில் படுக்க வைப்பது நம் பக்கத்து வழக்கம். ஒரு தலைமுறை அதை நாட்டுப்புறத்தனம் என்று சிரித்தது. மும்பை மருத்துவர்கள் 2003-இல் நீராவியில் கிருமி நீக்கிய வாழையிலையையும் உருளைக்கிழங்குத் தோலையும் தீக்காயக் கட்டுகளாக ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றுபோல வேலை செய்கின்றன, வாழையிலை மலிவு, தயாரிப்பதும் எளிது என்று எழுதினார்கள். இலையின் மெழுகுப் பூச்சு புண்ணோடு ஒட்டாது. கட்டு மாற்றும்போது புதுத்தோல் பிய்ந்து வராது. கொல்லையில் வெட்டிய இலையை அப்படியே புண்ணில் வைப்பது வேறு. அதில் கிருமி இருக்கும். தோசை மாவு, பேனா மை, பற்பசை, மஞ்சள், முட்டை வெள்ளைக்கரு இவற்றுக்கெல்லாம் எந்த நியாயமும் கிடைக்கவில்லை. புதுத் தீக்காயத்துக்கு முதல் மருந்து குழாய்த் தண்ணீர். ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம். மூன்று மணி நேரம் தாமதமானாலும் பயன் உண்டு. ஐஸ் வேண்டாம். பரந்த காயமாக இருந்தால், முக்கியமாகக் குழந்தைக்கு, மற்ற உடம்பு குளிர்ந்துவிடாமல் போர்த்தி 108-ஐ அழைக்க வேண்டும். குரல் கம்மினாலோ மூக்கு மயிர் கருகியிருந்தாலோ மூச்சுக்குழலும் வெந்திருக்கலாம். அவருக்குத் தண்ணீரை விட ஆம்புலன்ஸ் முந்தி வர வேண்டும். சிவகாசியில் முதலுதவி பெற்று, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளி மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகிற வழி இந்த வட்டாரத்துக்குப் பழகிய வழி. 2022-இல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு அந்தத் தூரம் சிலருக்குக் குறைந்திருக்கிறது.

அரிப்பைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வலி அடங்கிய பிறகு அது வரும், இரவில் வரும், சிலருக்கு வலியைவிடக் கொடியது. தழும்புக்குள் ஹிஸ்டமின் சுரப்பதும், அறுந்த நரம்புகள் தாறுமாறாகத் துளிர்ப்பதும் காரணம். 'அரிச்சா ஆறுதுன்னு அர்த்தம்' என்று சொறிய விட்டால் புதுத்தோல் உரிந்து மீண்டும் புண்ணாகும். நகத்தை ஒட்ட வெட்டி, ஈரத்துணி ஒற்றி, தேங்காய் எண்ணெய் தடவித் தட்டிக்கொடுக்கலாம்; அடங்காவிட்டால் மாத்திரை உண்டு, கேட்டு வாங்க வேண்டும். ஆழமாக வெந்து ஆறிய தோலில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. ஆகவே வெளியிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை எண்ணெய் வேண்டும், தழும்பு வெளுக்கும் அழுத்தத்தில் விரல் வட்டமிட வேண்டும். மூடாத புண்ணில் கூடாது.

வேர்வைச் சுரப்பியும் போய்விட்டது. இங்கேதான் இந்த மண் இரண்டு முகம் காட்டுகிறது. மழை குறைந்த, ஈரம் ஏறாத காற்று இருந்ததால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேர்விட்டன. ஈரக்காற்றில் மருந்து நமத்துப்போகும். அதே வறண்ட வெயிலில் உடம்பின் பெரும்பகுதி தழும்பான ஒருவர் வேர்க்க வழியில்லாமல் நடக்க வேண்டும். மிச்சமிருக்கும் நல்ல தோல் மட்டும் வேர்க்கும், உடம்பு கொதிக்கும், தலை சுற்றும். ஈரத்துண்டும் தண்ணீர்ப் பாட்டிலும் இல்லாமல் சித்திரையில் வெளியே அனுப்பக் கூடாது. வெயில் பட்ட புதுத்தோல் கறுத்துத் திட்டுத் திட்டாகும் என்பதால் முழுக்கை பருத்திச் சட்டையும் குடையும் ஓராண்டுக்குத் தோழர்கள்.

தழும்பை அழுத்தி வைக்கும் இறுக்க உடையின் கதையும் வெயிலில்தான் முடிகிறது. 1970களின் தொடக்கத்தில் டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டனில் குழந்தைகளின் தீக்காய மருத்துவமனையில், ஸ்பிளிண்ட் அழுத்திய இடத்தில் தழும்பு தட்டையாக இருப்பதைக் கவனித்தார்கள். அதிலிருந்து அளவெடுத்துத் தைத்த இறுக்க உடை பிறந்தது. ஒரு நாளில் 23 மணி நேரம், ஓராண்டுக்கு மேல் அணியச் சொல்வார்கள். ஏசி அறைக்குச் சரி. ஓட்டு வீட்டில் மே மாதத்தில் அதைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், தழும்பின் தடிப்பை ஓரளவு குறைக்கிறது என்று சொல்லலாம்; அதற்கு மேல் சத்தியம் செய்ய முடியாது. போட முடிந்தால் போடுங்கள், இரண்டு செட் வைத்து மாற்றுங்கள், தளர்ந்தால் மாற்றித் தையுங்கள். போட முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியில் நீட்டுகிற பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியுமென்றால் பயிற்சியைக் காப்பாற்றுங்கள்.

திரும்ப மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரங்கள்: காய்ச்சல், நாற்றமடிக்கும் நீர், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, ஒட்டுத் தோல் கறுத்து உரிவது, இமை மூடாமல் கண் திறந்தே இருப்பது. கடைசியாகச் சொன்னதில் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது. விழி வறண்டு பார்வை போகும். மற்றொன்று பல ஆண்டு கழித்து வரும்: பழைய தழும்பில் ஆறாத புண் தோன்றினால் அதைச் சோதிக்க வேண்டும், அபூர்வமாக அது புற்றாக மாறும். ஏற்கெனவே கழுத்தோ கையோ முடங்கிப்போன வீடுகளுக்கும் ஒரு சொல். விதி என்று விட்டுவிட வேண்டாம். பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் சுருக்கத்தை அறுத்து விடுவித்து அங்கே புதுத்தோல் வைப்பார்கள். பிறகும் இதே நீட்டல், இதே ஸ்பிளிண்ட், இதே தலையணை விதிதான்.

மனசின் காயம் வேறு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1942 நவம்பர் 28 இரவு கோகோனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். தீக்காய மருத்துவம் பலவற்றை அந்த இரவிலிருந்து கற்றது. அங்கே எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் பிழைத்தவர்களோடும் இழந்தவர்களோடும் உட்கார்ந்து பேசி, 1944-இல் துயரத்தைப் பற்றிய ஒரு கட்டுரை எழுதினார். தொண்டை அடைப்பது, பெருமூச்சு, குற்ற உணர்வு, இறந்தவரின் நினைவு விடாமல் துரத்துவது என்று உடம்பில் தெரியும் அடையாளங்களாகத் துயரத்தைப் பதிந்தது அந்தக் கட்டுரை. பக்கத்து அறையில் இருந்த தோழி போய்த் தான் மட்டும் மிஞ்சிய பெண்ணுக்கு அது நம் ஊரிலும் அப்படியேதான் இருக்கும். ஆனால் பாஸ்டன்காரர்களுக்கு இல்லாத ஒரு தண்டனை இவருக்கு உண்டு. ஊரே வெடி செய்கிற ஊரில் வெடிச்சத்தத்துக்கு நடுங்கிக்கொண்டு வாழ வேண்டும். சோதித்துப் பார்க்கிற வெடி, கோயில் கொடை வெடி, கல்யாண வெடி, பிறகு தீபாவளி. தூக்கத்தில் அலறுவதை, சத்தம் கேட்டதும் சுவரோடு ஒட்டிக்கொள்வதை 'பயந்துட்டா, மந்திரிக்கணும்' என்று மட்டும் வைத்துக்கொள்ளாமல் 14416-க்கு ஒரு போன் போடலாம். அரசின் மனநல உதவி எண் அது, தமிழில் பேசுவார்கள். வீட்டிலிருந்து கண்ணாடியை ஒளித்து வைப்பதும் பலர் செய்வது. பார்க்கும் நாளை அவரே தீர்மானிக்கட்டும். யாராவது பக்கத்தில் இருந்தால் போதும்.

உடம்புப் பயிற்சிக்கும் உதவி உண்டு. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருவது எல்லோருக்கும் தெரியும். அதே திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார் என்பது பலருக்குத் தெரியவில்லை. ஊர் சுகாதாரச் செவிலியரிடம் கேட்க வேண்டும். அவர் வராத நாட்களுக்குச் சுவர் இருக்கிறது. வெந்த பக்கத்துக் கையைச் சுவரில் வைத்து, விரல்களைச் சிலந்திபோல் நடத்தி எட்டுகிற மட்டும் ஏறி, அங்கே பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி.

தேதிக்கு நம்மிடம் குறைவில்லை. நாடெங்கும் தொங்குகிற தினசரிக் காலண்டர்களில் பெரும்பங்கு சிவகாசியில் அச்சாவதுதான். அதில் ஒன்றை வாங்கி, காயம்பட்டவர் கண் உயரத்தில் ஆணியடித்து மாட்டுங்கள். தினம் காலையில் அந்தக் கையைத் தூக்கி, பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தாளைப் பிடித்து, அவரேதான் கிழிக்க வேண்டும். வீட்டில் வேறு யாரும் கிழிக்கக் கூடாது. மாதம் பிறந்தால் ஆணியைப் பிடுங்கி நாலு விரற்கடை மேலே அடியுங்கள்.